பதிவேட்டின் கடைசிக் கட்டம்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்காக மாவட்ட அளவில் நடந்த பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நம் பள்ளியின் வரலாற்றை நாமே எழுதுவோம்' என்ற தலைப்பில் பேசும்படி பணித்திருக்கிறார்கள். நான் வேலை பார்ப்பது ஒரு வட்டத் தலைநகரில் உள்ள அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில். உங்களில் பலர் அப்படிப்பட்ட பள்ளியில் படித்திருப்பீர்கள். சிலர் இப்போது அங்கே பணியாற்றுவீர்கள். பேருந்து நிலையத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் 'பாய்ஸ் ஸ்கூல்தானே?' என்று வழி சொல்வார்கள். அவ்வளவு பழகிய இடம். பழகிய இடம் என்பதாலேயே அதற்கு ஒரு வரலாறு உண்டு என்பது நம் கண்ணில் படுவதில்லை.

ஆண்டு விழா மலரில் 'பள்ளி வரலாறு' என்று ஒரு பக்கம் போடுகிறோம். தொடங்கிய ஆண்டு, கட்டடத்தைத் திறந்து வைத்தவர், தலைமையாசிரியர்களின் பெயர்ப் பட்டியல், பெரிய பதவிக்குப் போன முன்னாள் மாணவர்கள். இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் இவற்றைவிட முழுமையான வரலாறு ஒன்று எல்லாப் பள்ளியின் அலுவலக பீரோவிலும் இருக்கிறது. அதன் பெயர் சேர்க்கை நீக்கப் பதிவேடு.

அதன் கட்டங்களை நினைத்துப் பாருங்கள். சேர்க்கை எண், மாணவன் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், அவர் செய்யும் தொழில், முன்பு படித்த பள்ளி, சேர்ந்த நாள், சேர்ந்த வகுப்பு என்று வரிசையாக வரும். கடைசியில் நீங்கிய நாள், நீங்கியதற்கான காரணம். முன்பாதிக் கட்டங்கள் பள்ளியின் கதவு யாருக்கெல்லாம் திறந்தது என்று சொல்கின்றன. கடைசிக் கட்டம் யார் எப்படி வெளியே போனார்கள் என்று சொல்கிறது. நாம் முன்பாதியை மட்டும் கொண்டாடிவிட்டுக் கடைசிக் கட்டத்தைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம். இன்று நான் சொல்ல வந்தது அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான்.

கதவு திறந்த கதை

நம் மாநிலத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியின் கதையைச் சென்னையில் 1841-இல் திறக்கப்பட்ட பள்ளியிலிருந்து தொடங்கலாம். எல்பின்ஸ்டன் பிரபு ஆளுநராக இருந்த காலம். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஈ. பி. பவல் அதன் தலைமையாசிரியர். அந்தப் பள்ளியே வளர்ந்து 1855-இல் மாநிலக் கல்லூரி ஆயிற்று. பவலிடம் படித்த மாதவ ராவ் திருவிதாங்கூருக்கும் பரோடாவுக்கும் திவான் ஆனார். சேஷையா சாஸ்திரி புதுக்கோட்டைக்குத் திவான் ஆனார். ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளி அது. இருந்தும் 'ஆண்கள் பள்ளி' என்று பெயர் வைக்கவில்லை. பள்ளி என்றாலே ஆண்களுக்கு என்று எண்ணிய காலம் என்பதால், தனியாகச் சொல்லத் தேவை ஏற்படவில்லை. பல ஊர்களில் பெண்களுக்கென்று தனிப் பள்ளி வந்த பிறகுதான் பழைய பள்ளியின் பெயர்ப் பலகையில் 'ஆண்கள்' என்ற சொல் ஏறியது.

அந்தத் தலைமுறையில் தி. முத்துசாமி ஐயரின் கதையை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். வறுமையால் சிறு வயதிலேயே கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்கு வேலைக்குப் போனவர் அவர். அந்தப் பையனின் அறிவைக் கவனித்த ஒரு தாசில்தார் அவரைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். பின்னாளில் அவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். இதைச் சொல்லிவிட்டு மாணவர்களிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: அந்தத் தாசில்தார் கவனிக்காத பையன்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

சென்னையில் தொடங்கிய இந்தக் கல்வி சிற்றூர்ப் பக்கம் வருவதற்கு ஜில்லா போர்டுகள் பெரும் காரணம். 1884-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு சாலை, மருத்துவமனை ஆகியவற்றோடு பள்ளிகளையும் போர்டுகள் நடத்தின. 'போர்டு ஹைஸ்கூல்' என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது அதனால்தான். எங்கள் பள்ளியும் போர்டு ஹைஸ்கூலாகத் தொடங்கியதுதான்.

போர்டு பள்ளி பொதுப் பணத்தில் நடந்தது என்றாலும் எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. சாதி தடுத்தது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் யாவும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவர வேண்டியிருந்தது. தீர்மானம் நிறைவேறிய மறுநாளே வகுப்பறை பெஞ்சில் இடம் கிடைத்துவிடவில்லை. அடுத்த தடை கட்டணம். உயர்நிலை வகுப்புக்கு மாதாமாதம் சம்பளம் கட்ட வேண்டும். அடுத்தது பசி.

இந்தத் தடைகள் ஒவ்வொன்றாக அகன்றன. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு மதிய உணவு வந்தது. நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் இயக்குநராக இருந்தபோது 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், கரும்பலகையிலிருந்து கட்டடம் வரை ஊர் மக்களையே கொடுக்க வைத்தன. 1960-களில் உயர்நிலைக் கல்விக் கட்டணம் படிப்படியாக நீங்கியது. 1978-இல் மேல்நிலை வகுப்புகள் வந்தன. புகுமுக வகுப்புக்காக நகரத்துக் கல்லூரியைத் தேடிப் போக வேண்டியிருந்த பையன் தன் ஊரிலேயே பன்னிரண்டு வரை படிக்க முடிந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 1984-இல் அது பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் விரிந்தது. பாடநூல், சீருடை, பேருந்துப் பயண அட்டை, மிதிவண்டி எல்லாம் பின்னர் சேர்ந்தன. 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது.

பீரோவில் இருக்கும் சான்றுகள்

இந்த வரலாற்றைப் பாடநூலில் படித்தால் ஆண்டுகளாக மட்டும் நிற்கும். பதிவேட்டில் படித்தால் மனிதர்களாக நிற்கும்.

எங்கள் பழைய பதிவேட்டின் முதல் பக்கங்களில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தைப் பார்த்தால் மிராசுதார், கர்ணம், வக்கீல் குமாஸ்தா, ஜவுளி வியாபாரம் என்று இருக்கும். பக்கம் புரட்டப் புரட்ட உழவு, நெசவு, தச்சு என்று மாறும். கட்டணம் நீங்கிய காலத்துக்கு வரும்போது 'கூலி', 'கூலி', 'கூலி' என்று வரிசையாக வரும். ஒரு பாட வேளை முழுக்க நான் விளக்குவதை அந்த ஒரு சொல் விளக்கிவிடுகிறது.

பழைய கட்டணப் பதிவேட்டில் ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டங்கள் இருக்கும். 1957-இல் நயா பைசா வந்ததும் ஒரு கட்டம் மறைந்துவிடும். மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டைகளில் 'சென்னை மாநிலம்' என்று அச்சடித்திருக்கும். 1969-க்குப் பின் 'தமிழ்நாடு' என்று மாறும். பிறந்த தேதிக் கட்டமோ இன்னும் சுவையானது. ஒரே வகுப்பில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பார்கள்! பையன் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தோதாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியரே எழுதிவைத்த பிறந்த நாள்கள் அவை. மாணவர்களிடம் இதைச் சொன்னால் வீட்டுக்குப் போய்த் தாத்தாவின் பிறந்த நாளைக் கேட்டு வருவார்கள். வரலாற்றுச் சான்றை அப்படியே நம்பிவிடாமல் விசாரிக்க வேண்டும் என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை. பதிவேட்டில் சாதிக் கட்டம் உண்டு. உயிருடன் இருப்பவர்களின் விவரங்களும் உண்டு. ஆகவே பதிவேட்டை மாணவர் கையில் கொடுக்கக் கூடாது. தலைமையாசிரியரின் அனுமதியோடு நாம் படித்து, பெயரும் சாதியும் இல்லாமல் தொழில், ஊர், ஆண்டு ஆகியவற்றை மட்டும் எடுத்தெழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் நடைமுறை

பதிவேட்டில் ஏறாத வரலாறும் இருக்கிறது. அது அன்றாட வாழ்க்கை.

எங்கள் பள்ளியில் காலை எட்டரைக்கே கிராமத்துப் பேருந்துகள் வந்துவிடும். அதற்கடுத்த பேருந்து வழிபாட்டுக் கூட்டம் முடிந்த பிறகுதான் வரும் என்பதால் பாதிப் பையன்கள் சீக்கிரமாகவே வந்து மைதானத்தில் கபடி ஆடிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்ததும் வரிசை. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு. செய்தி வாசிக்கும் பையனின் குரல் ஆறாம் வகுப்பில் கீச்சென்றும் எட்டாம் வகுப்பில் உடைந்தும் பத்தாம் வகுப்பில் கனத்தும் வரும். பல ஆண்டுகள் ஒரே பள்ளியில் இருப்பவர்களுக்கு அந்தக் குரல் மாற்றமே ஒரு காலண்டர்.

மதியம் சத்துணவு வரிசை. முட்டை சில நாள்களில் மட்டும் போட்ட காலத்தில், அந்த நாள்களில் வரிசை நீளமாகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எங்கள் பள்ளியில் தட்டு கழுவும் இடத்தைப் பையன்களே முறை வைத்துச் சுத்தம் செய்கிறார்கள், பரிமாறுவதிலும் உதவுகிறார்கள். பெண் பிள்ளைகள் இல்லாத பள்ளியில் இதைக் கவனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டில் அம்மாவும் அக்காவும் செய்யும் வேலை தனக்கும் உரியது என்று பையன் எங்காவது பழக வேண்டும் அல்லவா? பெண் ஆசிரியர்கள் நடத்தும் கணக்கையும் அறிவியலையும் கேட்டு வளர்வதும் அவனுக்கு ஒரு பாடம்தான்.

மாலையில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சிறப்பு வகுப்பு. அதன்பின் மிதிவண்டி நிறுத்தம் காலியாகும்.

இதே நாளில் இன்னொரு வேலையும் நடக்கிறது. முதல் பாட வேளையில் வருகைப் பதிவேடு. பெயர்கள் வரிசையாகப் போகும்போது ஒன்றிரண்டு பெயர்களுக்குப் பதில் வராது. முகூர்த்த நாளுக்கு மறுநாள் என்றால் ஐந்தாறு பெயர்களுக்கு வராது. நான் சொல்லவந்த கடைசிக் கட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் போகிறார்கள்?

பழைய பதிவேட்டில் நீங்கியதற்கான காரணம் என்ற கட்டத்தில் அடிக்கடி வருவது 'கட்டணம் செலுத்தாமை'. ஒரு வகையில் அது உண்மையான பதில். காரணம் தெரிந்தது, அரசு அந்தக் காரணத்தையே நீக்கியது. இன்று அதே கட்டத்தில் நாம் எழுதுவது என்ன? 'நீண்ட நாள் வராமை'. இது காரணமா? வராததற்குக் காரணம் என்ன என்று கேட்டால், வரவில்லை என்பதையே பதிலாக எழுதுகிறோம். ஐம்பது ஆண்டு கழித்து நம் பதிவேட்டைப் படிக்கும் ஒருவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது.

பல ஆண்டுகளாகப் பொதுத்தேர்வு முடிவுகளில் மாணவிகளின் தேர்ச்சி விழுக்காடே கூடுதலாக இருக்கிறது. பெண் பிள்ளைகள் முன்னேறுவது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. அதே நேரம், பையன்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்பதை ஆண்கள் பள்ளியில் வேலை பார்க்கும் நாம்தான் கேட்க வேண்டும். கட்டாய இலவசக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வரை காக்கிறது. எங்கள் பையன்கள் காணாமல் போவது ஒன்பதாம் வகுப்பில். வயது பதினான்கு, பதினைந்து. சட்டம் கையை விடும் வயதும் வேலை கையைப் பிடிக்கும் வயதும் ஒன்றாக இருக்கின்றன.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் முகூர்த்த நாள்களில் பந்தி பரிமாறப் போய்க்கொண்டிருந்தான். பிறகு மற்ற நாள்களிலும் வரவில்லை. மூன்றாம் நாள் எங்கள் தமிழாசிரியை அவன் வீட்டுக்குப் போனார். அவன் அம்மா சொன்னது இது: "அவன் போறது எனக்குப் பிடிக்கலை டீச்சர். கையில காசு பார்த்துட்டான். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்."

பையனிடம் பேசியபோது அவன் காசைப் பற்றிப் பேசவில்லை. "வகுப்புல வாசிக்கச் சொன்னா தடுமாறுது டீச்சர். எல்லாரும் சிரிக்கிறாங்க. அங்க யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றான்.

இந்தப் பதிலை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கட்டணம் இல்லை, பசி இல்லை, புத்தகம் உண்டு, பேருந்து உண்டு. வெளியே இருந்த தடைகளை அரசாணைகள் அகற்றிவிட்டன. மிச்சமிருக்கும் தடை வகுப்பறைக்குள் இருக்கிறது. வாசிக்கத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவனின் வெட்கம் அது. அதை அகற்ற எந்த அரசாணையாலும் முடியாது. நம்மால்தான் முடியும்.

அந்தப் பையன் திரும்பி வந்தான். பந்தி வேலையில் அவன் வைத்திருந்த சிறு நோட்டில் இலைக் கணக்கும் சாமான் பட்டியலும் பிழைகளோடு எழுதியிருந்தான். தமிழாசிரியை அந்த நோட்டையே வாசிப்புப் பாடமாக வைத்துக்கொண்டார். மதிய இடைவேளையில், மற்றவர் பார்வையில் படாமல், தினமும் இருபது நிமிடம். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, துணைத் தேர்வில் தேறி, இப்போது ஐ.டி.ஐ.யில் படிக்கிறான்.

எல்லாரும் இப்படி வந்துவிடவில்லை. அதே வகுப்பிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போன இன்னொருவன் வரவில்லை. இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போனோம், தொலைபேசியிலும் பேசினோம். தந்தைக்கு உடல்நிலை சரியில்லை, வட்டிக் கடன் இருந்தது. அவன் பெயருக்கு எதிரே கடைசிக் கட்டத்தில் இருப்பதும் 'நீண்ட நாள் வராமை' என்ற அதே இரண்டு மூன்று சொற்கள்தாம்.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே உங்கள் முன் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, பழைய பதிவேடுகளைக் காப்பாற்றுங்கள். கரையானும் மழை ஒழுகலும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. தரையில் வைத்த கட்டுகளைப் பலகை மேல் ஏற்றுங்கள். தலைமையாசிரியர் அனுமதியோடு பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் பள்ளிக் கணினியில் சேமியுங்கள். இப்போதைய மாணவர் விவரமெல்லாம் எமிஸ் தளத்தில் இருக்கிறது. தாத்தாக்களின் விவரம் அந்தக் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

இரண்டாவது, மாணவர்களை வைத்தே பள்ளி வரலாற்றை எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஐந்தைந்து பேராகக் குழு பிரித்து, இதே பள்ளியில் படித்த பெரியவர் ஒருவரைச் சந்திக்கச் சொல்லுங்கள். எப்படிப் பள்ளிக்கு வந்தீர்கள், மதியம் என்ன சாப்பிட்டீர்கள், சம்பளம் எவ்வளவு கட்டினீர்கள், எந்த வகுப்போடு நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என ஐந்து கேள்விகள் போதும். படித்து உயர்ந்தவரை மட்டுமல்லாமல், பாதியில் நின்றவரையும் தேடிப் போகச் சொல்லுங்கள். நின்றவர்கள் சொல்லும் கதையைக் கேட்டுவரும் பையனுக்கு நம் அறிவுரை அதிகம் தேவைப்படாது.

மூன்றாவது, மூன்றாம் நாள் வழக்கம். எந்த மாணவனும் காரணம் தெரியாமல் மூன்று நாள் வரவில்லை என்றால் யாராவது ஒருவர் விசாரித்துவிட வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் அறையில் பேசி வைத்திருக்கிறோம். வகுப்பாசிரியரால் முடியாவிட்டால் அந்தத் தெருவில் குடியிருக்கும் ஆசிரியர், இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். முதல் வாரத்தில் திரும்புவது எளிது. ஒரு மாதச் சம்பளம் கைக்கு வந்த பிறகு திருப்புவது கடினம்.

நான்காவது, உண்மையான காரணத்தை எழுதுங்கள். பதிவேட்டில் விதிப்படி எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். அதனோடு தலைமையாசிரியரின் பொறுப்பில் தனியாக ஒரு நோட்டு வையுங்கள். கடன், தந்தையின் நோய், வாசிக்க வராமை, சக மாணவரின் கேலி, ஆசிரியரிடம் பயம் என எதுவானாலும் உள்ளபடி அதில் எழுதுங்கள். ஆண்டு முடிவில் அதைச் சேர்த்து வாசித்தால் அடுத்த ஆண்டு எதில் கவனம் செலுத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஐந்தாவது, படித்தால் என்ன கிடைக்கும் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லுங்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், தொழிற்கல்விப் பிரிவு ஆகியவற்றை முடிவு வந்த மாதத்தில் சொன்னால் காலம் கடந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024-இல் வந்திருக்கிறது. மாதக் கூலியோடு ஒப்பிட்டால் ஆயிரம் சிறிய தொகைதான். என்றாலும் கடன் வாங்கத் தயங்கும் வீட்டில் அது பேருந்துச் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆகும். பெற்றோருக்கு இதை நேரில் சொல்ல வேண்டும்.

நண்பர்களே, நூற்றாண்டு விழாக் கொண்டாடும் பள்ளிகள் நம் மாவட்டத்திலும் இருக்கின்றன. விழா மேடையில் முன்னாள் மாணவர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம். அது நம் கடமை. அதற்கு முன் ஒரு நாள் மாலை, பதிவேட்டை எடுத்து, பத்தாம் வகுப்பை முடிக்காமல் போன பெயர்களையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவர்களும் நம் பள்ளியின் முன்னாள் மாணவர்கள்தாம். இன்று உங்கள் வகுப்பில் மூன்றாம் நாளாக வராதவன் யார் என்று நாளைக் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் பாருங்கள். அவன் பெயருக்கு எதிரே கடைசிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.